ஸனாவில் இருந்த மூன்றாம் கையெழுத்து

2015 ஏப்ரலில் ஏமன் தலைநகர் ஸனாவில் இருந்த இந்தியத் தூதரகம் மூடப்பட்டது. அதன் பாதிப்பு மூன்று ஆண்டு கழித்து, ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் உத்திரகாவேரி ஆற்றை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் நிலத்தின் மேல் வந்து விழுந்தது. அந்த நிலத்தின் வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்சிக்காரர்களின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் வெளியே சொல்ல எனக்கு உரிமையில்லை.

நிலத்தை வாங்கியவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். கையும் காலும் வெந்து சம்பாதித்த காசில் வாங்கிய புஞ்சை அது. அவர் மனைவி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். விடிவதற்கு முன்பே கம்பெனி வண்டி பிடித்து மாதனூர் வழியாகப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புவார். மூத்தது பெண், இளையது பையன். பெண்ணை நர்சிங் படிக்கவைத்தார்கள். படிப்புக் கட்டணம் கட்ட ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடுகளை விற்றார்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கினார்கள். 2010-ல் அந்தப் பெண் ஸனாவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார்.

2014 செப்டம்பரில் ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் ஸனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச் 26 அன்று சவூதி கூட்டணியின் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின. இந்திய அரசு 'ராஹத்' என்ற பெயரில் நடத்திய மீட்புப் பணியை நான் எப்போதும் மதிப்போடுதான் நினைக்கிறேன். ஏடன் துறைமுகத்தில் குண்டுகளுக்கு நடுவே ஐ.என்.எஸ். சுமித்ரா போய் ஆட்களை ஏற்றியது; ஸனாவிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஜிபூட்டிக்குப் பறந்தன. 4,640-க்கும் மேற்பட்ட இந்தியர்களும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். வேலை முடிந்ததும் தூதரகமும் ஸனாவை விட்டு வெளியேறி, செங்கடலுக்கு அக்கரையில் ஜிபூட்டியில் முகாம் அலுவலகம் போட்டது. அதிகாரிகளின் உயிரும் உயிர்தான். அந்த முடிவில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

ஆனால் எல்லோரும் கப்பல் ஏறவில்லை. நம் கட்சிக்காரரின் மகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. பாஸ்போர்ட் முதலாளியிடம். வீட்டில் கடன் பாதிகூட அடையவில்லை. வெறுங்கையோடு வந்து அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் அங்கேயே தங்கிவிட்டார். இப்படித் தங்கிய நர்சுகள் வேறு பலரும் உண்டு. ஊரில் இருந்துகொண்டு "வந்திருக்கலாமே" என்று சொல்வது எளிது.

2017-ல் அப்பா இறந்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி மனைவி, மகள், மகன் மூவருக்கும் சம பங்கு. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிலும் மூன்று பெயர். 2018-ல் வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கத் தொடங்கியபோது, நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று குடும்பம் முடிவு செய்தது. பக்கத்து நிலத்துக்காரர் நியாயமான விலைக்குக் கேட்டார். ஸனாவில் இருந்த மகளும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்: "எனக்குப் பங்கு வேணாம். வித்து கடன அடைங்க." தம்பி அதை எனக்குப் போட்டுக் காட்டினார். நடுவில் மின்சாரம் போய்விட்டதாலோ என்னவோ, குரல் பாதியில் அறுந்தது.

விற்பவர்கள் மூவரும் சம்மதம், வாங்குபவரும் தயார், எவருக்கும் எவர் மேலும் சண்டை இல்லை. ஆனாலும் அந்த நிலத்தை விற்க முடியவில்லை.

பவர் பத்திரம் அனுப்பச் சொன்னால் போதுமே என்று பலரும் நினைப்பார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு அது ஒரு நாள் வேலை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் எழுதிக்கொடுக்கும் பவரை யார் முன்னிலையில் எழுத வேண்டும் என்று சொல்கிறது. நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி அல்லது மத்திய அரசின் பிரதிநிதி. இவர்களில் ஒருவர் முன்னால் கையெழுத்திட்டு அவருடைய சான்றொப்பத்தைப் பெற வேண்டும். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்று உண்டு: பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஆயுள் சான்று, முப்பது நாளுக்குள் வாங்கியதாக, பத்திரப் பதிவன்று கையில் இருக்க வேண்டும். இறந்துபோனவர்களின் பவரை வைத்து நடந்த மோசடிகளைத் தடுக்க வந்த விதி அது, நல்ல விதி. ஸனாவிலிருந்து யாராவது ஊருக்கு வருபவரைத் தேடிப் பிடித்து ஒரு காகிதத்தைக் கொடுத்தனுப்பினால், அது ஒடுகத்தூர் வந்து சேர்வதற்குள் அந்த முப்பது நாளும் கழிந்துவிடும்.

ஸனாவில் உள்ளூர் நோட்டரி ஒருவரிடம் எழுதி வாங்கினால் என்ன என்று யோசித்தேன். வெளிநாட்டு நோட்டரியின் சான்றொப்பத்தை நம் சட்டம் ஒதுக்கவில்லை. ஜுக்ராஜ் சிங் வழக்கில் கலிஃபோர்னியா நோட்டரி முன் எழுதப்பட்ட பவரை உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. ஆனால் கலிஃபோர்னியாவின் நிலை வேறு. ஸனாவில் அன்றைக்கு இருந்த முத்திரைகள் ஹூதிகளின் நிர்வாகத்துக்குக் கீழ் இருந்தவை. இந்தியா ஏற்றுக்கொண்ட ஏமன் அரசோ ஏடனில் இருந்தது. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் ஏமன் சேரவில்லை என்பதால், தூதரகம் இல்லாமலே ஆவணத்தை ஏற்க உதவும் அப்போஸ்டில் சான்று வழியும் இல்லை. அரபி முத்திரை குத்திய அந்தக் காகிதம் உண்மையானதுதான் என்று சொல்ல இடையில் ஒரு தூதரகம் வேண்டும். வாங்குபவரின் வக்கீல், என்னைவிட மூத்தவர், ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பத்து வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணே வந்து இது என் கையெழுத்து இல்லன்னா, நம்ம யாரக் கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்கிறது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

தூதரக அதிகாரியின் சான்றொப்பம் வேண்டுமானால் அவர் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரி ஜிபூட்டியில் இருந்தார். ஸனா விமான நிலையம் 2016 ஆகஸ்ட் முதல் பயணிகள் விமானத்துக்கு மூடிக்கிடந்தது. ஏடனிலிருந்து கிளம்பலாம் என்றால், அங்கே போய்ச் சேரவே போர் முனைகளைத் தாண்டி, மலைப்பாதையில், ஒவ்வொரு ஆயுதக் குழுவின் சோதனைச் சாவடியிலும் நின்று போக வேண்டும். தனியாக ஒரு பெண். கையில் பாஸ்போர்ட் இல்லை. நாட்டை விட்டு வெளியேற அனுமதி முத்திரையும் இல்லை. தம்பி ஒருமுறை ஆவேசமாக, "நான் போய் கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன் சார்" என்றார். 2017 செப்டம்பரில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி இந்தியப் பாஸ்போர்ட்டில் ஏமனுக்குப் போகவே தடை. அங்கே சிக்கிய பெண்ணிடம் தாயோ தம்பியோ போய்ச் சேர அனுமதி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பின்னால் நாடே பார்த்தது: ஸனா சிறையில் இருந்த கேரளச் செவிலியரின் தாய், அங்கே போவதற்கு அனுமதி கேட்டு 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாட்டு உதவி என்று ஒன்றும் சட்டத்தில் உண்டு. தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, ஒரு நாடு தன் அலுவலகத்தை மூடும்போது தன் மக்களின் நலனை வேறொரு நாட்டிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுதான். ஆனால் ஒப்படைக்க ஸனாவில் யார் மிச்சம்? ஏறத்தாழ எல்லா நாடும் கிளம்பிவிட்டன; ரஷ்யாவும் 2017 டிசம்பரில் வெளியேறிவிட்டது.

அந்த வாரம் பதிவுச் சட்டத்தை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். 33-ஆம் பிரிவின் காப்புரையில் கண் நின்றது. நோயால் நடமாட முடியாதவர், சிறையில் இருப்பவர், இவர்கள் பதிவு அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை. அதிகாரியே வீட்டுக்கோ சிறைக்கோ போய் விசாரித்துச் சான்றொப்பம் தரலாம், ஆணையரையும் அனுப்பலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியவர்கள் அவ்வளவு தூரம் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். என் தொழிலிலேயே பார்த்திருக்கிறேன்: பக்கவாதத்தில் கிடந்த ஒரு பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்பதிவாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தலையசைப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தக் கருணை எல்லாம் இந்தியாவுக்குள் இருப்பவருக்கு. எல்லைக்கு வெளியே இருக்கும் குடிமகனுக்கு, அவர் நடந்து போய் நிற்கக்கூடிய தூரத்தில் ஒரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும் என்று சட்டம் எண்ணிக்கொண்டது. அந்த ஜன்னல் மூடினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஏடன் 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக, பெரும்பாலும் பம்பாயிலிருந்தே ஆளப்பட்டது. அந்தக் காலத்தில் ஏடனில் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. நூலகத்தில் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டும்போது அந்த எண்ணம் என்னை வெகு நேரம் விடவில்லை.

மகளின் கையெழுத்தே தேவைப்படாத ஒரு வழி இருந்தது. பாகப்பிரிவினை வழக்கு. அம்மாவும் மகனும் வாதிகள், மகள் பிரதிவாதி. நீதிமன்றம் மூன்று பங்கையும் பிரித்து அளந்து கொடுத்துவிட்டால், இரண்டு பங்கை இவர்கள் தாராளமாக விற்கலாம். மகளின் பங்கு யாரும் தொடாமல் அவர் பெயரிலேயே நிற்கும். கூட்டு அனுபவத்தில் உள்ள சொத்து என்பதால் நீதிமன்றக் கட்டணமும் சொற்பம். சட்டப்படி இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எம் பொண்ணு மேலயே என்ன கேசு போடச் சொல்றீங்களா சார்?"

"பேருக்குத்தாம்மா. பங்கு பிரிக்கணும்னா யாரையாவது எதிர்ல நிறுத்தணும். இது சண்டை வழக்கு இல்ல."

"கோர்ட்டுல எம்பேரு ஒரு பக்கம், அதும்பேரு ஒரு பக்கம். அது அங்க குண்டுக்கு நடுவுல கிடக்குது. நானு அதும்மேல கேசு. வேணாம் சார். வட்டிக்காரன் என்னா பண்றானோ பண்ணட்டும்."

நான் அவரை வற்புறுத்தவில்லை. அவர் கோபத்தில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. அவரவர் சம்மதத்தோடு இருக்கும் ஒரு குடும்பத்தை நாடு இரண்டு கட்சியாக்கி நிறுத்தினால்தான் அவர்களுக்கு நிவாரணம் கிடைக்கும் என்பது, வெளியிலிருந்து பார்க்கும்போது கொடுமையான ஏற்பாடுதான். கடைசியில் மகளே பேசினார். நெட் கிடைக்கும் நேரமாகப் பார்த்து என் அலுவலகத்துக்கே அழைத்து, அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது என்று நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

வழக்கு வேலூரில் தாக்கலானது. அடுத்த முட்டு, சம்மன். வெளிநாட்டுப் பிரதிவாதிக்கு நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பெரும்பாலும் தூதரகம் வழியாகத்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளையில் தபால், கூரியர், மின்னஞ்சல் என்று வழிகள் இருக்கின்றன. ஸனாவுக்குத் தபாலை நம்ப முடியாது. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப அனுமதி கேட்டு மனுப் போட்டேன். நல்ல நேரமாக, 2018 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல், வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பை ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார் என்பதால் அது சேர்ந்ததாகவே ஏற்றிருந்தார். வேலூர் நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் வைத்து வாதாடினேன். நீதிபதி மூன்று பேரின் உறவையும், தூதரகம் இல்லாத நிலையையும் நிதானமாகக் கேட்டுவிட்டு அனுமதித்தார். உச்ச நீதிமன்றமே கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், வாட்ஸ்அப் வழியைத் திறந்துவிட்டது. அன்றைக்கு அப்படி இல்லை. அந்த நீதிபதிக்குத் துணிவு வேண்டியிருந்தது.

சம்மனைப் பெற்றுக்கொண்ட மகள், தமிழில் கைப்பட ஒரு கடிதம் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். அம்மாவும் தம்பியும் கேட்பது நியாயம், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று. சத்தியப் பிரமாணமும் சான்றொப்பமும் இல்லாத அந்தக் கடிதத்தைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. அவரைத் திரையில் அழைத்து விசாரிக்க முடியுமா என்றும் பார்த்தோம். பிரபுல் தேசாய் வழக்கில், அமெரிக்காவில் இருந்த மருத்துவரின் சாட்சியத்தைக் காணொலியில் பதிவு செய்யலாம் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவரை இன்னார் என்று அடையாளம் காட்ட நம்பகமான ஒருவர் இருக்க வேண்டும். பின்னால் 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு தந்த மாதிரிக் காணொலி விதிகளும், வெளிநாட்டில் இருப்பவர் பக்கத்தில் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் இருந்து ஒருங்கிணைக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. சுற்றிச் சுற்றி அதே மூடிய கதவுக்கு முன்னால்தான் வந்து நின்றோம்.

ஆகவே அவர் ஆஜராகாதவராகவே வைத்து, 2019-ல் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பிறகு வக்கீல் கமிஷனர் நியமிக்கப்பட்டு, சர்வேயரோடு நிலத்துக்கு வந்தார். சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தபோது அந்த அம்மா கமிஷனரிடம் போய், கிணற்றை ஒட்டிய துண்டும் வண்டிப் பாதையும் மகள் பங்கில் விழ வேண்டும் என்றார். வாங்குபவருக்கு அந்தத் துண்டின் மேல்தான் கண். அது இல்லாவிட்டால் விலையைக் குறைப்பேன் என்றார். குறைத்தும் விட்டார். அந்த அம்மா அசையவில்லை. பங்கு வேண்டாம் என்று சொன்ன மகளுக்கு, நிலத்திலேயே நல்ல பங்கு போனது. இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்டு, மற்ற இரண்டு பங்கும் விற்பனையாகி, கடனில் பெரும்பகுதி அடைந்தது. மீதியைத் தம்பி ஷூ கம்பெனியில் கட்டிங் வேலையில் மிகைநேரம் பார்த்து அடைத்தார். அடுத்த சில வாரங்களில் ஊரடங்கு வந்துவிட்டது.

இந்த வழக்கில் யாரும் தோற்கவில்லை என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. நடந்ததெல்லாம் ஒரு கையெழுத்துக்காக. பாஸ்போர்ட் புதுப்பிக்க, குழந்தை பிறந்ததைப் பதிய, இறந்தவர் உடலை அனுப்ப, ஒருவர் உயிரோடு இருப்பதைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அதே ஜன்னல்தான். போர் வந்தால் அதிகாரிகள் வெளியேறட்டும். ஆனால் வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, பாஸ்போர்ட் பதிவேட்டில் உள்ள படத்தையும் கைரேகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் ஒருவரைப் பார்த்து, கேள்வி கேட்டு, அவர் கையெழுத்திடுவதைக் கண்டு சான்றொப்பம் தரலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவர என்ன தடை? தூதரக அதிகாரிகளின் பிரமாணச் சட்டம் 1948-ல் வந்தது. நீதிமன்றமே திரைக்கு வந்துவிட்ட நாட்டில் ஒரு தூதரகச் சான்றொப்பம் திரைக்கு வரக் கூடாதா? எல்லா நாட்டுக்கும் வேண்டாம். அலுவலகம் மூடப்பட்ட நாடுகளுக்கு மட்டும் இருந்தாலே போதும். 33-ஆம் பிரிவின் காப்புரையில் நோயாளிக்கும் கைதிக்கும் அடுத்தபடியாக, தூதரகம் இல்லாத நாட்டில் சிக்கியவர் என்று ஒரு வகையைச் சேர்த்தால் ஆயிற்று. இதை வக்கீல் சங்கக் கூட்டத்திலும் பேசினேன், பேசிக்கொண்டே இருப்பேன்.

மகள் திரும்பி வந்தது 2022-ல். அந்த ஏப்ரலில் ஏமனில் போர் நிறுத்தம் ஏற்பட்டு, மே 16 அன்று ஸனாவிலிருந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு ஆறு ஆண்டுக்குப் பிறகு முதல் பயணிகள் விமானம் கிளம்பியது. அதற்குள் அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டிருந்தது. வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் தம்பி முன்பே பதிந்து வைத்திருந்த மனுவைத் தொடர்ந்து, ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்று கிடைத்தது. அம்மான் வழியாகச் சென்னை வந்து, ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்தார்.

வந்த சில நாளில் என் அலுவலகத்துக்கு வந்தார். நிலத்தை வாங்கியவர், தன் மன அமைதிக்காக, விற்பனையை ஏற்பதாக அவரிடமும் ஒரு பத்திரம் எழுதிக் கேட்டிருந்தார். சட்டப்படி அவசியமில்லை என்றேன். "அவர் கேக்கறதுல தப்பு இல்ல சார், போட்டுடலாம்" என்று அவரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். கைரேகை வைத்து, படம் எடுத்து, கையெழுத்திட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஸனாவில் கூட வேலை பார்த்து இன்னும் அங்கேயே இருக்கும் இரண்டு பெண்களின் விவரம். ஒருவருக்குப் பிறந்த குழந்தையை எங்கும் பதிய முடியவில்லை. இன்னொருவருக்கு ஊரில் அப்பா வீட்டுப் பங்கு. இரண்டாமவரின் அண்ணன்மார்களிடம் பேசி, அவர்களும் ஒத்துக்கொண்ட பிறகு, இதே வழியில் வழக்குப் போட்டோம். அவர் பங்கு இன்று அவர் பெயரில் இருக்கிறது. குழந்தையின் விஷயத்தில் எந்த நீதிமன்றத்தாலும் குறுக்குவழி தர முடியவில்லை. ஏமனில் பிறந்த அந்தப் பிள்ளையின் இந்தியக் குடியுரிமையைப் பதிய தூதரகம்தான் வேண்டும். மனு போட்டிருக்கிறோம், விசாரணையில் இருக்கிறது.